அடங்காத குரல்களும் கறுப்புத் தட்டும்: இளம் ரசிகருக்கு எந்த எல்பி, எந்த ஊசி?

கேட் புஷ், பியோர்க், எம்.ஐ.ஏ., லாரி ஆண்டர்சன், பில்லி ஐலிஷ், சார்லி எக்ஸ்சிஎக்ஸ். பாப் இசையின் வேலியைப் பிடுங்கித் தள்ளி நட்ட பெண்கள். பதினாறு வயதில் இவர்கள்மீது பித்துப் பிடித்தவர்கள் பலரும் ஆறு மாதத்தில் வந்து நிற்பது எல்பி என்ற பழைய இசைத்தட்டின் முன்னால்தான். பாட்டெல்லாம் போனில் இருக்கிறது. ஆனாலும் கையில் பிடிக்க, அட்டையைத் திருப்பிப் பார்க்க, அலமாரியில் அடுக்க ஒன்று வேண்டும். அந்த ஆசை நியாயமானது. சிக்கல் தட்டில் இருக்கிறது. அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ், காதோரக் கிசுகிசு, ஊசி விழும் ஒலியையே தாளமாக்கும் குறும்பு என்று எந்தெந்த வித்தைகளால் இவர்கள் பெயர் பெற்றார்களோ, அவையெல்லாம் வினைலின் (தட்டு செய்யும் பிளாஸ்டிக்கின்) பலவீனத்தைக் குறிபார்த்து அடிப்பவை. சில ஆல்பங்கள் எல்பிக்கென்றே பிறந்தவை. சிலவற்றை எல்பியில் வாங்குவது சுவருக்கு அலங்காரம், அவ்வளவே.

முதலில் ஒரு கணக்கு. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும்போது ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை வசதியாக இடமிருக்கும். அதற்கு மேல் போனால், பாட்டு பதிந்திருக்கும், ஊசி ஓடும் கோடுகளை நெருக்கி, ஒலியளவைக் குறைத்து வெட்ட வேண்டும்; ஒலி குறைந்தால் தட்டின் சொந்தச் சரசரப்பு மேலே தெரியும். இன்னொன்று, தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்கு அடியில் கோடு ஓடும் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ.; உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் 21 செ.மீ.தான். அதே ஒரு நொடிப் பாட்டை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் திணித்தாக வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கிழிந்து ‘ஷ்ர்ர்’ என்று கேட்பது இதனால்தான். ஆகவே ஒரு ஆல்பத்தை எல்பியில் வாங்கலாமா என்று முடிவெடுக்கப் பார்க்க வேண்டியவை இரண்டு: மொத்தம் எத்தனை நிமிடம் எத்தனை பக்கங்களில், ஒவ்வொரு பக்கமும் எந்தப் பாட்டில் முடிகிறது.

இந்தக் கணக்கைப் பாடம்போல விளக்கும் தட்டு கேட் புஷ்ஷின் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’. 1985இல் வந்தது. சொந்த ஸ்டூடியோவில், தானே தயாரிப்பாளராக இருந்து, ஃபேர்லைட் என்ற கணினி வாத்தியத்தை வைத்து அவர் செய்தது. 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வழியாக ‘ரன்னிங் அப் தட் ஹில்’ மறுபடி எழுந்து, வெளியான 37 ஆண்டுகளுக்குப் பிறகு பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது ஒரு புதிய தலைமுறையே இந்தத் தட்டைத் தேடி வந்தது. அந்தப் பாட்டு முதல் பக்கத்தின் முதல் பாட்டு. வெளி விளிம்பில், வேகமும் இடமும் தாராளமாக உள்ள இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் பக்கத்தில் ஐந்து தனிப் பாட்டுகள். இரண்டாம் பக்கம் ‘தி நைன்த் வேவ்’ என்ற ஏழு பகுதித் தொடர்: இரவில் கடலில் தனியே மிதக்கும் ஒரு பெண்ணின் கதை. போனில் கேட்கும்போது ஐந்தாவது பாட்டு முடிந்த கையோடு ஆறாவது வந்து ஒட்டிக்கொள்கிறது. தட்டில் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த அரை நிமிட மௌனம் ஆல்பத்தின் ஒரு பாகம். அதைச் செயலி தர முடியாது.

குறையும் அங்கேயேதான். இரண்டாம் பக்கம் ஏறத்தாழ 26 நிமிடம், வசதி எல்லையைத் தாண்டியது. அதன் ஆறாவது பகுதியான ‘ஹலோ எர்த்’தில் எல்லாம் அடங்கி ஆண்குரல் கோரஸ் மட்டும் மெல்ல எழும் இடம் வருகிறது. உள் கோடுகள், குறைந்த ஒலி, நீண்ட மௌனங்கள். அச்சு மோசமென்றால் கடல் இரைச்சலோடு தட்டின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே சுத்தமாக இருந்தால் மீதியைப் பற்றிக் கவலை வேண்டாம். தீர்ப்பு: ஒரே ஒரு எல்பிதான் வாங்க முடியும் என்றால் இது.

பியோர்க்கின் ரசிகர்கள் அடுத்ததாகக் கை வைப்பது ‘வெஸ்பர்டைன்’ (2001). இங்கே நிதானம் தேவை. இசை கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கப்படப்போகும் காலம் வருகிறது என்று உணர்ந்து, அந்தச் சுருங்கிய ஒலியிலும் உயிரோடு நிற்கும் ஓசைகளைத் தேடி எடுத்துச் செய்த ஆல்பம் இது. யாழ், இசைப்பெட்டி, குழுப்பாடகர்கள். தாளத்துக்கு டிரம் இருக்க வேண்டிய இடத்தில் பனி நொறுங்குவது போன்ற, சீட்டுக்கட்டைக் கலைப்பது போன்ற நுண்ணிய சடசடப்புகள். ஏறத்தாழ 55 நிமிடம் இரண்டு தட்டுகளில் வருவதால் இட நெருக்கடி இல்லை. ஆனால் வினைலின் பிறவிக் குணமும் அதே சடசடப்புதானே. புதுத் தட்டில் தூசி இருக்கிறது என்று புகார் எழுதித் திருப்பி அனுப்பப்படும் பிரதிகளில் சில, உண்மையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவையாகத்தான் இருக்கும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. 33⅓ சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 நொடி. ‘டக்’ என்ற ஒலி சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அது தட்டின் கீறல் அல்லது அச்சுக் குறை. பாட்டின் தாளத்தோடு வந்தால் அது பியோர்க். இரண்டுக்கும் கட்டுப்படாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் தூசி அல்லது நிலைமின்சாரம். சந்தேகம் தீரவில்லையென்றால் அதே நொடியை டிஜிட்டல் பிரதியில் ஓட்டிப் பாருங்கள். தீர்ப்பு: அமைதியான அறையும் நல்ல ஊசியும் இருப்பவருக்கு அருமையான தட்டு. மற்றவர்கள் ‘ஹோமோஜெனிக்’கில் (1997) தொடங்கலாம். சுமார் 43 நிமிடம், பக்கத்துக்கு இருபத்தொன்று சொச்சம், தந்திக் கருவிகளும் முரட்டு பீட்டும். சரசரப்பை அமுக்கிவிடும் பலம் அந்த இசைக்கு உண்டு. அதில் ‘ப்ளூட்டோ’ பாட்டில் குரல் கிழிவது வேண்டுமென்றே செய்தது. அதை வைத்து உங்கள் ஊசியை எடைபோடாதீர்கள்.

எம்.ஐ.ஏ.வுக்கு வருவோம். மாதங்கி அருள்பிரகாசம் என்ற இயற்பெயர் கொண்ட இவர் தன் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் புனைபெயரையும் (‘அருளர்’, 2005), இரண்டாவதற்கு அம்மாவின் பெயரையும் (‘கலா’, 2007) வைத்தார். ‘கலா’வில் ஒலிப்பது நம் உறுமி. ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் அது முன்வரிசையில் நிற்கிறது. தோலைக் குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த வளைந்து இறங்கும் உறுமலைப் போன் ஸ்பீக்கர் முழுங்கிவிடும். மேலே கைதட்டலும் கூச்சலும்தான் மிஞ்சும். சுமார் 48 நிமிட இசை இரண்டு தட்டுகளில், நான்கு பக்கங்களில் பரவியிருப்பதால் கோடுகளை அகலமாக வெட்ட இடமுண்டு, பேஸுக்கு மூச்சு முட்டாது. முரட்டு இசை என்பதால் சின்னச் சின்ன அச்சுக் குறைகள் காதில் படுவதில்லை. புது ரசிகருக்கு ‘வெஸ்பர்டைனை’விடப் பத்து மடங்கு பாதுகாப்பான வாங்கல்.

பேஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இணையத்தில் இதில் கதை அதிகம். ‘வினைலில் பேஸ் ஆழமாக இருக்கும்’ என்பது பாதி உண்மைகூட இல்லை. இடது, வலது காதுகளுக்கு வேறுவேறாக வரும் ஆழ்ந்த பேஸைத் தட்டில் வெட்டினால் கோடு மேலும் கீழுமாக ஆடி, ஊசியைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் வெட்டும் பொறியாளர் கீழ்ஸ்தாயியை, ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, மோனோவாக்கி (இரு காதுக்கும் ஒன்றாக்கி) நடுவில் கொண்டுவருவார். கணினியிலேயே பிறந்து வளர்ந்த இசைக்கு இது சின்ன இழப்பு. பாடகி கிரேஸ் ஜோன்ஸின் ‘நைட்கிளப்பிங்’ (1981) போன்றவற்றில் ஸ்லை, ராபி என்ற வாத்திய இணையரின் டிரம்மும் பேஸும் முதலிலிருந்தே நடுவில் ஊன்றியிருப்பதால் எதுவும் போவதில்லை. 38 நிமிடத்துக்குப் பக்கத்தில், ஒரே தட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இனி சமீபத்தியவை. சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘ப்ராட்’ 2024 ஜூன் 7 அன்று 15 பாட்டுகளோடு, 41 நிமிட அளவில் வந்தது. எல்பிக்குக் கச்சிதமான நீளம், ஒலியும் கெட்டி. ஆனால் மூன்றே நாளில் மூன்று பாட்டு கூட்டி இன்னொரு பதிப்பு. அக்டோபரில் மொத்தத்தையும் புரட்டிப் போட்ட ரீமிக்ஸ் ஆல்பம். முதல் நாள் முன்பதிவு செய்த ரசிகரின் கையில் இருப்பது கதையின் முதல் அத்தியாயம் மட்டும். பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ (2024) இதைவிட மோசம். ஆல்பம் 27 தடங்கள். முதலில் வந்த எல்பியில் ‘யா யா’ உள்ளிட்ட சில பாட்டுகளே இல்லை. தட்டு அச்சாக மாதங்கள் பிடிக்கும். வெட்டுவதற்கு அனுப்பிய பிறகும் கலைஞர் பாட்டைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் இதுதான் நடக்கும். எனவே வெளியீட்டு நாளன்றே வரும் எல்பியை வாங்குமுன் பாட்டுப் பட்டியலை டிஜிட்டல் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பின்னால் வரும் அச்சில் திருத்தியிருக்க வாய்ப்புண்டு. பொறுத்தவருக்குத்தான் முழு ஆல்பம்.

பில்லி ஐலிஷின் ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’ (2024) பத்துப் பாட்டு, சுமார் 44 நிமிடம். நீளம் எல்லைக்கு அருகில். குரலோ மூச்சுக்காற்றும் ‘ஸ’காரமுமாக மைக்கை ஒட்டியே வருவது. மலிவான ஊசியில் பக்கத்தின் கடைசிப் பாட்டு நிச்சயம் சீறும். அது தட்டின் குற்றம் என்று பலர் திட்டுகிறார்கள். பெரும்பாலும் ஊசியின் குற்றம்.

ஒரே ஆல்பத்தை எட்டு வண்ணத்தில் விற்கும் பழக்கத்தையும் இங்கேயே பேசிவிடலாம், ரசிகரின் சேமிப்பு கரையும் ஓட்டை அதுதான். தட்டின் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வெறும் கறுப்பு வளையம் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அங்கே பொறித்த எண்களும் எழுத்துகளும் தெரியும். பச்சைத் தட்டிலும் இளஞ்சிவப்புத் தட்டிலும் அந்த எண் ஒன்றேயானால் இரண்டும் ஒரே வெட்டிலிருந்து வந்தவை. இசையில் வேறுபாட்டை எதிர்பார்க்கக் காரணமே இல்லை. ஒற்றை நிறத் தட்டுகள் பெரும்பாலும் கறுப்புக்குச் சமமாகவே ஒலிக்கும். சாயம் தெளித்த மாதிரி வருபவை, இருட்டில் ஒளிர்பவை ஆகியவற்றில் சரசரப்பு கூடலாம். படம் அச்சிட்ட தட்டை வாங்குவதாக இருந்தால் ஓட்டுவதற்கு என்று நினைத்து வாங்காதீர்கள். அதில் கோடு வெட்டப்படுவது காகிதப் படத்தின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில். இரைச்சல் கூடவே பிறந்தது. ‘180 கிராம்’ என்ற முத்திரைக்கும் ஒலிக்கும் சம்பந்தம் குறைவு. 140 கிராம் தட்டிலும் கோட்டின் ஆழம் அதேதான். கனமான தட்டு கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவு.

வண்ணத்துக்குப் போகும் பணம் ஊசிக்குப் போகட்டும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதைதான் ரசிகர் உலகில் தினமும் நடக்கிறது: இருபது தட்டு, ஓட்டுவது சூட்கேஸ் வடிவப் பொம்மைப் பெட்டியில். அந்தப் பெட்டிகளில், ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் செராமிக் வகையாக இருக்கும். ஊசி தட்டை 5 கிராம் அளவிலோ அதற்கு மேலோ அழுத்தும். அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. பேஸ் ஓங்கும் இடத்தில் ஊசி துள்ளினால் மேலே நாணயத்தை ஒட்டும் வைத்தியம் ஒன்று சுற்றி வருகிறது. துள்ளல் நிற்கும், கோட்டின் மேல்ஸ்தாயி நுணுக்கங்களும் தேய்ந்து நிற்கும், அது திரும்பி வராது.

பின்முனையில் எதிர்ப்பளு உள்ள ஊசிக்கை, கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் இரண்டும் உள்ள டர்ன்டேபிளே (தட்டு ஓட்டும் கருவியே) குறைந்தபட்சத் தகுதி. ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் தொடக்கக்காரருக்குப் போதுமானது. அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராம், நடுநிலை 2. ஊசி நீள்வட்ட வகை. சுமார் 300 மணி நேரம் என்பது நிறுவனம் சொல்லும் ஆயுள், அதாவது 44 நிமிட ஆல்பத்தை நானூறு முறை. அதே உடலில் மைக்ரோலீனியர் ஊசியைச் செருகலாம். கையால் இழுத்துக் கழற்றி மாட்டினால் முடிந்தது, திருப்புளி வேண்டாம். அதன் ஆயுள் 1,000 மணி நேரம். பில்லியின் சீறல் அடங்குவது இந்த ஊசியில்தான்; கூர்மையான விளிம்பு உள் கோட்டின் நெருக்கமான வளைவுகளைத் தவறாமல் தொடர்கிறது. இந்த மதிப்புரையில் எதையாவது ஒன்றை இருமுறை சிபாரிசு செய்யலாம் என்றால் இதைத்தான்.

அழுத்தத்தைச் சரிசெய்யும் முறை இது. ஆன்டி-ஸ்கேட்டை (ஊசிக்கை உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் திருகை) சுழியத்தில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றி, கையைத் தாங்கியிலிருந்து விடுவித்து, கை தராசு முள்போலத் தானாகக் கிடைமட்டத்தில் மிதக்கும் வரை பின்னால் உள்ள எதிர்ப்பளுவைத் திருகுங்கள். பளுவை அசைக்காமல், அதன் எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்புங்கள். பிறகு பளுவையும் வளையத்தையும் சேர்த்து 2 வரும்வரை திருகி, ஆன்டி-ஸ்கேட்டையும் 2இல் வையுங்கள். பலர் தடுமாறுவது மூன்றாம் படியில்: வளையத்தோடு பளுவும் திரும்பிவிடும், எண் 2 காட்டும், உண்மையில் 3.5 இருக்கும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வைத்துச் சரிபார்ப்பது நல்லது. அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டு பிழைக்கும் என்ற நினைப்பும் தவறு. எடை போதாத ஊசி கோட்டுக்குள் துள்ளித் துள்ளிச் சுவரைச் சிதைக்கும்.

ஒலி நசுங்கி, பேஸே இல்லாமல் தகரடப்பாபோல வந்தால், ஊசி தரும் மெல்லிய மின்குறியை உயர்த்திச் சமன்செய்யும் ஃபோனோ முன்பெருக்கி இல்லாமல் நேரே ஸ்பீக்கரில் செருகியிருக்கிறீர்கள். வீங்கிப்போய்ப் பிசிறடித்தால் முன்பெருக்கி இரண்டு முறை சேர்ந்திருக்கிறது: டர்ன்டேபிளுக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் ‘லைன்’ பக்கம் இருக்க, ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ துளையில் மாட்டியிருப்பீர்கள்.

தட்டு வந்து சேர்ந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இரண்டு பக்கமும் முழுசாக ஓட்டுங்கள். உறையைப் பிரிக்கும்போதே போனில் படமெடுத்து வைப்பது பின்னால் வாக்குவாதத்தைக் குறைக்கும். நடுத்துளை மையம் தவறியிருந்தால் ஊசிக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடவலமாக ஆடும், நீண்டு நிற்கும் சுரம் மேலும் கீழுமாக அலையும். இதற்கு லாரி ஆண்டர்சனின் ‘பிக் சயின்ஸ்’ (1982) மாதிரி ஒரு சோதனைத் தட்டு கிடையாது. 1981இல் பிரிட்டனில் இரண்டாமிடம் வரை போன ‘ஓ சூப்பர்மேன்’ அதன் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. எட்டு நிமிடத்துக்கு மேல் ‘ஹா’ என்ற ஒரே அசை, ஒரே சுரத்தில், திரும்பத் திரும்ப. துளை ஒரு மயிரிழை தவறினாலும் அந்த ‘ஹா’ கடலில் போன படகு மாதிரி ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பக்கக் காதில் மட்டும் துணி கிழிவதுபோலச் சில நொடிகள் தொடர்ந்து கேட்டால் பிளாஸ்டிக் கோட்டுக்குள் முழுதாக நிரம்பவில்லை. கழுவினாலும் போகாது, மாற்றித்தான் தர வேண்டும்.

புதுத் தட்டிலும் தூசி இருக்கும். அட்டைத் துகள், காகிதப் பொடி. கார்பன் இழைத் தூரிகையைச் சுற்றும் தட்டின்மேல் இரண்டு சுற்று மெல்லப் பிடித்து, அப்படியே வெளியே இழுத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்), மென்மையான துணி, கோட்டின் போக்கிலேயே வட்டமாக. லேபிள் நனையக் கூடாது. குழாய்த் தண்ணீரின் உப்பு காய்ந்து கோட்டுக்குள் படிந்தால் நிரந்தரச் சடசடப்பு. உள்ளே வரும் முரட்டுக் காகித உறையை உடனே மாற்றி, நிலைமின்சாரம் பிடிக்காத பிளாஸ்டிக் உள்ளுறை போடுங்கள். அழகான படம் அச்சிட்ட உள்ளுறை என்றால் அதைத் தனியாக அட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். தட்டுகளை நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டும். படுக்கவைத்தால் அடியில் உள்ளது நெளியும். 60 டிகிரி வாக்கில் வினைல் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரின் பின்சீட்டு அந்த அளவைச் சுலபமாக எட்டிவிடும். கையெழுத்திட்ட அட்டையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதானால் வெயில் விழாத சுவராகப் பாருங்கள், தட்டை உள்ளே விடாதீர்கள்.

வாங்கும் வரிசை கேட்டால்: ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’, ‘நைட்கிளப்பிங்’, ‘கலா’, ‘ஹோமோஜெனிக்’. அதன்பின் மைக்ரோலீனியர் ஊசி. அது வந்த பிறகு ‘வெஸ்பர்டைன்’, பில்லி. பியோர்க்கின் ‘பயோஃபிலியா’வை (2011) மட்டும் தட்டில் தேட வேண்டாம். அது பாட்டுக்கொரு செயலியாகத் தொட்டு விளையாடும்படி பிறந்தது. 2014இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்த முதல் பதிவிறக்கச் செயலியும் அதுவே. விரலால் தொட வேண்டியதை ஊசியால் தொட்டு என்ன பயன்?